காய்ச்சல் சூடும் வெயில் சூடும் ஒண்ணா? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த வாரம் வந்ததுல பாதி வெயில் பத்தின கேள்விதான், அதையே எடுத்துக்கறேன்.

பையனுக்கு காய்ச்சல் 102 டிகிரி ஃபாரன்ஹீட், உடம்பு கொதிக்குது, ஆனா குளிருதுன்னு போர்வை கேக்கறான். ஏன் டாக்டர்?

மூளைல ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம் இருக்கு, நம்ம சூட்டை 37 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே பிடிச்சு வைக்கறது அதுதான். கிருமி வந்ததும் உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரந்து அந்த அளவையே மேல ஏத்தி விட்டுடும், சூடு அங்க போய் சேர்ற வரைக்கும் மூளைக்கு எல்லாமே குளிர்தான், அதனால தோல் ரத்தக்குழாய் சுருங்கி தசை நடுங்கி சூட்டை உண்டாக்குது. பாராசிட்டமால் போட்டா அளவு இறங்கும், அப்பதான் குப்புன்னு வேர்க்கும். நடுங்கறப்ப ஐஸ் தண்ணில துடைக்காதீங்க, நடுக்கம் ஜாஸ்தியாகும்.

அப்ப வெயில்ல சுருண்டு விழுந்தவருக்கும் பாராசிட்டமால் தரலாமா?

வேண்டாங்க, தயவுசெஞ்சு இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லுங்க. இங்க மூளை வெச்ச அளவு மாறவே இல்ல, சூட்டை வெளியேத்த முடியாம உடம்பு திணறுது, மாத்திரைக்கு அங்க வேலையே இல்ல. ஒரு லிட்டர் வேர்வை காய்ஞ்சா சுமார் 580 கிலோகலோரி சூடு போயிடும், ஆனா காயணுமே, கடலோர ஊர்ல காத்துல ஈரம் இருக்கறதால வேர்வை சொட்டுதே தவிர காயறதில்ல. சூடு 40 டிகிரி செல்சியஸை தாண்டி பேச்சு குழறினா 108க்கு போன் போடுங்க, வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம நிழல்ல படுக்க வெச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. நினைவு சரியா இல்லாதவர் வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க.

ஏசி ரூம்ல அடிக்கடி யூரின் வருது, சுகரா இருக்குமோ?

குளிர்ல தோல் ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உள்பக்கம் சேருது, வேர்வையும் இல்ல, மிச்ச தண்ணியை கிட்னி வெளிய தள்ளுது. வீட்லயும் ராத்திரியும் இப்படியே, தாகமும் ஜாஸ்தின்னா டெஸ்ட் எடுத்துடுங்க.

கட்டட வேலை சார், தண்ணி குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன், ஆனாலும் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது?

வேர்வையோட உப்பும் போகுதே தம்பி. ரத்தத்துல சோடியம், அதாவது உப்புல இருக்கற சத்து, லிட்டருக்கு 135லேர்ந்து 145 மில்லிமோலுக்குள்ள நிக்கணும், வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே போனா அது நீர்த்துப் போயிடும். ஓஆர்எஸ் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணில கலக்கி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து வந்தா குடல் ரெண்டையும் ஒண்ணா உள்ள இழுக்கும், தண்ணியும் பின்னாடியே போகும். 1971ல பங்களாதேஷ் அகதிகள் முகாம்ல காலரா வந்தப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை வெச்சுதான் எத்தனையோ உயிரை காப்பாத்தினார். உப்பு போட்ட நீர்மோரும் நல்லதுதான். பிபி, கிட்னி, ஹார்ட் பிரச்சனை இருந்தா உப்பு விஷயத்துல உங்க டாக்டரை கேட்டுக்கோங்க.