ஆகஸ்டில் கூடலூர் வேண்டாம், குன்னூர் போகலாம்

ஆகஸ்டு கடைசியில் அப்பா அம்மாவோடு நீலகிரிக்குப் போகலாமா, வானிலைச் செயலி எல்லா நாளும் மழை என்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். தங்குவது குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கட்டும். கூடலூர், அவலாஞ்சியை ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள்.

செயலி அப்படிக் காட்டியது, நீங்கள் நீலகிரி என்று மாவட்டப் பெயரைப் போட்டதால் இருக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில், அதாவது கூடலூர்ப் பக்கம்தான் கொட்டும். கூடலூரில் குடை பிடித்தும் நனைகிற அதே நாளில் கோத்தகிரியில் துணி காயும்.

கூடலூர், குன்னூர் இரண்டையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பயணத்தை அக்டோபர், நவம்பருக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை கிழக்கே இருக்கும் குன்னூர்ப் பக்கம்தான் அடிக்கும். குன்னூருக்கு ஏறும் கல்லாறு பாதையில் மண் சரிந்தால் மலை ரயிலும் நின்றுவிடும். அப்புறம், ஆகஸ்டிலும் சாரல் உண்டு, பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.