கம்பெனி என்பது யார்?

அன்புள்ள ஐயா,

போபால் விஷவாயு வழக்கு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் மகள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வாரம் அந்த வழக்கைப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “இத்தனை பேர் செத்திருக்கிறார்கள். கடைசியில் 2 ஆண்டு தண்டனை, அன்றைக்கே ஜாமீன். கம்பெனி என்பது யார் அப்பா?” என்று கேட்டாள். நான் ஜவுளிக் கடை வைத்திருப்பவன். என் கடையில் ஒரு தவறு நடந்தால் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கம்பெனியை ஜெயிலில் போட முடியாது என்றால் சட்டம் எதற்கு?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

உங்கள் மகளின் கேள்வியைச் சுற்றித்தான் அந்த வழக்கு இத்தனை ஆண்டுகள் நடந்தது. அதற்கு முன் ஜெயில் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நிறுவனத்தைச் சிறையில் அடைக்க முடியாது, உண்மைதான். ஆனால் சிறைத்தண்டனை கட்டாயமாக உள்ள குற்றங்களிலும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம், அபராதம் விதிக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போபாலில் தண்டனை சிறுத்துப்போனதற்குக் காரணம் வேறு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு 10 ஆண்டுகள் வரை தண்டனை கிடைக்கக்கூடிய பிரிவை, 1996இல் உச்ச நீதிமன்றமே 2 ஆண்டுகளுக்கு மேல் போக முடியாத, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான 304-ஏ பிரிவாகக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்த நீதிபதியின் கையில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

இனி, கம்பெனி என்பது யார்?

போபால் ஆலையின் உரிமையாளர் யூனியன் கார்பைடு இந்தியா. அதன் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்காவின் யூனியன் கார்பைடிடம் இருந்தது. இந்த உறவைத் தமிழில் ‘தாய் நிறுவனம்’ என்கிறோம். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்குப் போபாலில் ஆலைக்கு எதிரே நிற்கும் சிலை நினைவுக்கு வருகிறது. ஒரு பெண், குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் முகத்தை மறைத்தபடி நிற்கிறாள். புகையிலிருந்து தப்பி ஓடிய தாய். சட்டம் சொல்லும் தாய் வேறு மாதிரி. ஈவுத்தொகை வரும்போது பிள்ளை அவளுடையது. பிள்ளையின் ஆலையில் விஷவாயு கசிந்தால் அது தனி நபர், தனி நிர்வாகம், தனிப் பொறுப்பு.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு, 610 என்ற எண்ணுள்ள தொட்டியில் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மீத்தைல் ஐசோசயனேட், தண்ணீர் பட்டால் சூடேறி விஷவாயுவாக வெளியேறும் திரவம், சுமார் 40 டன். அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் கருவியைச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. இதையெல்லாம் உள்ளூர் மேலாளர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடலாம், சொல்லவும் செய்தார்கள். ஆனால் 1982இல் அமெரிக்காவிலிருந்து தாய் நிறுவனத்தின் ஆட்களே வந்து ஆலையைச் சோதித்து, குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை கொடுத்திருந்தார்கள். ஆபத்து இருப்பது தாய்க்குத் தெரியும். யாருடைய சட்டையைப் பிடிப்பது என்பதற்கான பதில் அந்த அறிக்கையிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பதிலைத் தேடி இந்திய அரசு முதலில் நியூயார்க் போனது. இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்க எங்கள் நீதிமன்றங்களால் முடியாது என்று இந்தியா அங்கே வாதிட்டது. முடியும் என்று யூனியன் கார்பைடுக்காகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் இந்தியாவின் புகழ்பெற்ற வழக்கறிஞர் நானி பல்கிவாலா. 1986 மே மாதம் நீதிபதி கீனன், இந்தியாவிலேயே வழக்கை நடத்திக்கொள்ளுங்கள் என்று தள்ளுபடி செய்தார். இந்தியத் தீர்ப்பை ஏற்றுப் பணம் செலுத்த நிறுவனம் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் போட்டார். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் எடுத்துவிட்டது.

ஆனால் இந்திய நீதிமன்றம் தன்னால் முடியும் என்று காட்டியது, ச. 1987 டிசம்பரில் போபால் மாவட்ட நீதிபதி 350 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னார். 1988 ஏப்ரலில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி சேத் அதை 250 கோடியாகக் குறைத்தாலும், முக்கியமான ஒன்றைச் செய்தார். இந்திய நிறுவனம் தாயின் கட்டுப்பாட்டில்தான் இயங்கியது என்று இரண்டுக்கும் நடுவில் தொங்கிய திரையை விலக்கி, அமெரிக்க நிறுவனமே பொறுப்பு என்றார். உங்கள் மகளின் கேள்விக்கு ஒரு நீதிபதி நேராகச் சொன்ன பதில் அது.

யூனியன் கார்பைடு உச்ச நீதிமன்றம் போனது. 1989 பிப்ரவரி 14 அன்று, சாட்சிகளை விசாரிக்காமல், ஆவணங்களைப் பிரிக்காமல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அரசு கேட்டிருந்ததோ 300 கோடி டாலருக்கும் மேல். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் வழக்காடும் உரிமை அரசிடம் மட்டுமே இருந்ததால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. சுமார் 3,000 இறப்பு, 1 லட்சம் பேர் பாதிப்பு என்ற கணக்கில் முடிவான தொகையை, பின்னால் 5,000க்கும் மேற்பட்ட இறப்புகளுக்கும் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களுக்கும் பிரித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். 1990 முதல் மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணமாகக் கொடுத்துவந்தார்கள். நுரையீரல் கெட்டு வேலைக்குப் போக முடியாதவனின் வீட்டில் அரிசி வாங்கிய காசு அது. அதையும் அந்த 25,000இல் கழித்துக்கொண்டார்கள். 2004க்குப் பிறகு இன்னொரு முறை அதே அளவு தொகை வந்தது. 7,844 கோடி ரூபாய் கூடுதலாகக் கேட்ட மத்திய அரசின் மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தொகை குறைந்ததைவிட எனக்குப் பெரிய வலி வேறு ஒன்று. 1982 அறிக்கையை எழுதியவர்களைக் கூண்டில் ஏற்றி, இதைப் படித்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் நாள் சமரசத்தோடு போய்விட்டது.

அதே கேள்வி 30 ஆண்டுகள் கழித்து வேறு கண்டத்தில் எழுந்தது. ஜாம்பியாவில் சிங்கோலா நகரை அடுத்த கிராமங்களைச் சேர்ந்த 1,826 பேர், செப்புச் சுரங்கக் கழிவால் தங்கள் ஓடைகள் கெட்டுவிட்டன என்று லண்டனில் வழக்குப் போட்டார்கள். குடிக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் அவர்களுக்கு அந்த நீர்தான். சுரங்கம் கொங்கோலா காப்பர் மைன்ஸுடையது, தாய் நிறுவனம் லண்டனில் பதிவான வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் பின்னால் இருந்த அதே வேதாந்தா. பிள்ளை தனி, நாங்கள் தனி என்ற பழைய வாதம்தான் அங்கும். 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்டு வழக்கைத் தூக்கிப்போடவில்லை. குழுமம் முழுவதற்கும் நாங்களே சுற்றுச்சூழல் விதிமுறை வகுக்கிறோம், கண்காணிக்கிறோம் என்று நிறுவனம் பெருமையோடு அச்சிட்ட அறிக்கைகளை நீதிபதிகள் எடுத்து வைத்துக்கொண்டு, இப்படிச் சொன்னவருக்குக் கவனித்துக்கொள்ளும் கடமை இருந்தது என்று வாதிட இடமுண்டு என்றார்கள். ஜாம்பியாவில் வக்கீல் வைக்க இந்த ஏழைகளால் முடியாது, அங்கே அனுப்பினால் நீதி கிடைக்காது என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. 2021இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் ஆனது. கிராமத்தாருக்கு அது முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு திறந்தது. அந்தத் தீர்ப்புக்கு 2 ஆண்டுகள் கழித்து, 2021இல், நைஜீரியக் கிராமங்கள் ஷெல் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கும் அதே வழியில் அனுமதிக்கப்பட்டது.

ஆகவே உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆபத்து இருப்பதை அறிந்து, அதை நிறுத்தும் அதிகாரமும் கையில் வைத்திருந்தவர் யாரோ அவர்தான் கம்பெனி. அதை நிரூபிக்கும் காகிதங்கள் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் அலமாரியிலேயே இருக்கும். அவற்றை வெளியே எடுப்பதுதான் வக்கீலின் வேலை.

நீதிபதி சேத்தின் 1988 தீர்ப்பையும் லண்டனின் 2019 தீர்ப்பையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். போபால் ஆலையில் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில்தான் லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். சுற்றியுள்ள குடியிருப்புகளின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த விஷம் அப்படியே இருக்கிறது. 2001இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ நிறுவனம் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறது. அவள் படித்து முடிக்கும்போதும் அந்த வழக்குக்கு வக்கீல்கள் தேவைப்படுவார்கள்.

அன்புடன்