புற்றுநோய் என்று தெரிந்த பிறகு: முடிவெடுக்க நமக்கு நேரம் இருக்கிறதா?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கடலூர், புதுச்சேரி பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவசரமானவற்றுக்குத் தொலைபேசியில் அன்றே பதில் சொல்லிவிட்டேன் என்றாலும், இதே நிலையில் இருக்கும் பிறருக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசி வழியாகச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அறிக்கையில் 'கிரேடு 3' என்று இருப்பதைப் பார்த்து, மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று உறவினர்கள் அழுகிறார்கள். அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. உடனே மார்பை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேறொரு மருத்துவரிடமும் கேட்கலாமா? கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரா? அதற்குள் நோய் பரவிவிடாதா?
— ஒரு மகள், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். கிரேடு வேறு, ஸ்டேஜ் எனப்படும் கட்டம் வேறு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்வது கிரேடு. கட்டியின் அளவு, நெறிகளில் பரவல், பிற உறுப்புகளில் பரவல் ஆகிய மூன்றையும் வைத்துக் கணிப்பது ஸ்டேஜ். கிரேடு 3 இருக்கும் பலருக்கு நோய் இரண்டாம் கட்டத்திலோ முதல் கட்டத்திலோகூட இருக்கலாம். ஒரு சொல்லைத் தவறாகப் படித்து ஒரு வீடே இடிந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அறிக்கையின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பெயர்களும் அவற்றுக்கு எதிரே முடிவுகளும் இருக்க வேண்டும். முதல் இரண்டும் இந்தப் புற்று ஹார்மோனை நம்பி வளர்கிறதா என்பதையும், மூன்றாவது அதன் மேற்பரப்பில் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இருக்கிறதா என்பதையும் சொல்கின்றன. உங்கள் அம்மாவின் அறிக்கையில் அந்த இடம் காலியாக இருந்தது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அந்த முடிவு வராமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததைத்தான் நான் ஏற்கவில்லை. ஏனென்றால், கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ நெறியில் நோய் இருந்தாலோ, ஹெர்-2 மிகுந்த வகைக்கும், மூன்றுமே இல்லாத வகைக்கும் பெரும்பாலும் மருந்துச் சிகிச்சையை முதலில் கொடுத்து, கட்டி சுருங்கிய பின்னரே அறுவை செய்கிறோம். மருந்துக்குக் கட்டி எப்படிப் பணிகிறது என்பதை உடம்பிலேயே பார்த்து அடுத்த மருந்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பு, கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் கைவிட்டுப் போய்விடும். ஹெர்-2 முடிவு '2+' என்று வந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை. 'ஃபிஷ்' என்ற கூடுதல் பரிசோதனையைச் செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். ஹெர்-2 மிகுந்த வகைக்கான டிராஸ்டுசுமாப் மருந்து பொதுவாக ஓர் ஆண்டுவரை கொடுக்கப்படுகிறது. இந்தியாவிலேயே தயாராகும் வகைகள் வந்தபின் அதன் விலை குறைந்திருக்கிறது.

மார்பு முழுவதையும் எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்பதும் உண்மையன்று. கட்டியை மட்டும் சுற்றியுள்ள சிறிது சதையோடு எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள் என்பதை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டன. எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டி பல இடங்களில் இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க இயலாத நிலை இருந்தாலோ முழுதாக எடுப்பதே சரி. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை உங்கள் அம்மாவிடம் யாராவது சொன்னார்களா?

நேரம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. கையில் தட்டுப்படும் அளவுக்கு மார்புக் கட்டி வளரப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கும். சரியான பரிசோதனைகளுக்கும் இன்னொரு கருத்துக்கும் இரண்டு மூன்று வாரங்கள் செலவிடுவதால் நோயின் போக்கு மாறிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மாறும். தீவிர இரத்தப் புற்று, தண்டுவடத்தை அழுத்தும் கட்டி, மூச்சை அடைக்கும் கட்டி போன்றவற்றுக்கு இந்த அவகாசம் கிடையாது. அங்கே நாள் கணக்கில், சில நேரம் மணிக் கணக்கில் சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும்.

இரண்டாவது கருத்து கேட்பதால் நல்ல மருத்துவர் யாரும் கோபிக்க மாட்டார். உங்கள் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அறிக்கைத் தாளோடு நிறுத்திவிடாமல், பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடு என்பது நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டு. பிளாக் என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக்குள் பதித்து வைத்த உங்கள் அம்மாவின் சதைத் துணுக்கு. விடுபட்ட பரிசோதனைகளை அதிலிருந்தே செய்துகொள்ளலாம்; மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. அது மெழுகு என்பதால் சித்திரை வெயிலில் வண்டியின் டிக்கியில் வைத்து எடுத்துச் செல்லாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும்.

எங்கே போவது என்றால், உங்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. என் அனுபவத்தில் சொல்வதானால், கருத்தை எவ்வளவு தொலைவு போயும் கேளுங்கள்; சிகிச்சையை முடிந்தவரை வீட்டுக்கு அருகில் எடுத்துக்கொள்ளுங்கள். கீமோ என்ற மருந்துச் சிகிச்சை பல முறை வரும், கதிர்வீச்சு தினமும் வரும். தொலைவின் காரணமாகவே பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

புதிய மருத்துவரிடம் மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: 'இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைப்பதா?' மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குக் கிடைக்கும் பதிலைச் சார்ந்தவை. அதன்பின் முழுச் சிகிச்சைக்கும் ஆகும் செலவையும், அரசுக் காப்பீட்டு அட்டையில் எவையெல்லாம் அடங்கும் என்பதையும் சேர்வதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது பெரிய தொகைதான். ஆனால் சிகிச்சை ஆண்டு முழுவதும் நீளக்கூடியது.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கன்னத்தின் உட்புறம் ஆறாத புண், பரிசோதனையில் புற்றுநோய். தாடையில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று 'பல் ஆபரேஷன்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். கையெழுத்தை நாங்களே போட்டுவிடலாம் அல்லவா?
— ஒரு மகன், வீராம்பட்டினம்

பதில்: போடக் கூடாது, தம்பி. உங்கள் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து எழும்போது அவருடைய தாடையில் ஒரு பகுதி இருக்காது. மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த சதை கன்னத்தில் தைக்கப்பட்டிருக்கும். மூக்கு வழியாகக் குழாய் இருக்கும். சில நாட்கள் பேச இயலாது. என்ன நடந்தது என்று கேட்கக்கூட வாயில்லாத அந்த நேரத்தில்தான் அவர் உண்மையை அறிய வேண்டுமா?

சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குப் பதிலாக மகனோ மனைவியோ ஒப்புதல் தர முடியாது. பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்த ஒரு பெண்ணுக்கு அவர் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையை எடுத்தது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற எல்லாவற்றையும் அறிந்து தருவதே ஒப்புதல் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். மகன்கள் வெளியே சென்றதும் அவர் என்னிடம், "ஆட்டோக்காரர் கேன்சர் பில்டிங்கான்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சும்மா. பிள்ளைங்க சங்கடப்படும்னுதான் கேட்கலை" என்றார். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணி, தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் முன்னிலையில், 'உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். 'எல்லாம் என் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் வாய்ப் புற்றுக்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை, தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சு என்பதை நான் அறிந்தாலும், அதை ஏற்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே. கடலைப் படித்தவருக்கு இதைத் தாங்கும் மனம் இருக்காது என்று ஏன் நினைக்கிறீர்கள்?

கேள்வி: சதை எடுத்துப் பரிசோதித்தால், கத்தி பட்டால், புற்று பரவிவிடும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பரவாது. நோய் முற்றிய பின்பே மருத்துவமனைக்கு வந்த காலத்தில் அறுவை செய்தும் பலர் இறந்ததால் கத்தியின் மேல் பழி விழுந்துவிட்டது. விரைக் கட்டி, சில சினைப்பைக் கட்டிகள் போன்றவற்றில் மட்டும் ஊசி குத்தாமல் உறுப்பையே எடுத்துப் பரிசோதிப்போம். அதைப் புற்றுநோய் அறுவை நிபுணர் அறிவார். நான் அஞ்சுவது, பரிசோதனை எதுவும் செய்யாமல் 'சின்னக் கட்டிதானே' என்று அரைகுறையாக எடுத்துவிட்டு, எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விடுவதைத்தான்.

கேள்வி: எனக்கு 46 வயது. கருப்பை வாய்ப் புற்றுக்காகத் தினமும் பேருந்தில் புதுச்சேரி சென்று கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 25, வாரம் ஒரு கீமோ, அதன்பின் உள்ளே வைக்கும் கதிர் என்றார்கள். 15 முடிந்த நிலையில் வயிற்றுப்போக்கும் அசதியும் தாங்கவில்லை. முந்திரி எடுக்கும் நேரம் வேறு. ஒரு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு தொடரலாமா?
— பண்ருட்டியிலிருந்து ஒரு சகோதரி

பதில்: வேண்டாம், அம்மா. நான்கு கேள்விகளில் நேரம் உண்மையிலேயே நெருக்குவது உங்களுக்குத்தான். கதிர்வீச்சைத் தொடங்குவதற்கு முன் சில நாட்கள் யோசிக்கலாம். தொடங்கிய பின் இடைவெளி விடக் கூடாது. வெளிக் கதிரும் உள் கதிரும் சேர்ந்து 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ அரை முதல் 1 சதவீதம்வரை குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் ஒரு மாதத்துக்கு அது எவ்வளவு என்று பாருங்கள். மீதியிருக்கும் புற்றுச் செல்கள் இடைவெளியில் முன்னைவிட வேகமாகப் பெருகுவதே காரணம். உள் கதிரை மட்டும் விட்டுவிடுவதும் இதே அளவுக்குத் தவறு. நோயின் வேருக்கு முழு அளவு கதிர் போய்ச் சேர்வது அதன் வழியாகத்தான்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து இருக்கிறது; கதிர்வீச்சு மருத்துவரிடம் வாய் திறந்து சொன்னால்தான் கிடைக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே இருங்கள். உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் இரவு என்று பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாட்டு மருந்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை: வாரந்தோறும் உங்களுக்கு ஏற்றப்படும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அதோடு என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அசதியில் பாதி பேருந்துப் பயணத்தால் வருவது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்தித்து, அருகில் தங்க இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். முந்திரியை இந்த ஒரு முறை வீட்டிலுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் இந்தப் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தொலைபேசியில் பேசிய மறுநாளே நீங்கள் பதினாறாவது முறைக்குச் சென்றுவந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. உள் கதிருக்கான தேதியைக் கடைசி நாள்வரை தள்ளாமல் இப்போதே கேட்டு, உங்கள் சிகிச்சை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.