சுற்றிலும் நிலம் மாறிவிட்டது, கிணற்றுத் தண்ணீரை இன்னும் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் கிணற்றைச் சுற்றி முன்பு மரமும் புதருமாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் காய்கறி வயல், மறுபக்கம் வீடுகள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, டி.டி.எஸ். மீட்டரும் பெரிதாக எதுவும் காட்டவில்லை. வீட்டில் நான்கு மாதக் குழந்தை. காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது. சோதனை முடிவு கைக்கு வரும்வரை அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுக்கும்.

டி.டி.எஸ். மீட்டரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். மொத்த உப்பு தோராயமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது.

மரமும் புதரும் இருந்தபோது மண்ணில் சேரும் நைட்ரஜனில் பெரும்பகுதியை வேர்களே எடுத்துக்கொண்டிருக்கும். காய்கறி வயலில் வேர் ஆழம் குறைவு, உரமும் பாசனமும் அதிகம், பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைட்ரேட்டாக மாறுகிறது, அதை மண்துகள் பிடித்துவைக்காது (இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம், நெகட்டிவ், அதனால் ஒன்றையொன்று தள்ளும்), அதனால் தண்ணீர் இறங்கும்போது கூடவே இறங்கிவிடும். மணல் பாங்கான நிலமென்றால் இன்னும் வேகம். வீடுகள் பக்கம் கவலை செப்டிக் டேங்க்: நைட்ரேட்டோடு குளோரைடும் கிருமியும் வரும். எல்லாப் பழியையும் நிலத்தின் மேல் போடவும் முடியாது, ஃப்ளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்தே வருவது.

சரி, என்ன சோதிப்பது? நைட்ரேட், குளோரைடு, ஈ.கோலி (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி). கோடை முடிவில் ஒருமுறை, நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை. 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஆனால் அறிக்கையில் 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று (அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும்) போட்டிருந்தால் அதே வரம்பு சுமார் 11 ஆகிவிடும், 15 என்று பார்த்துவிட்டு 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள்.

நைட்ரேட் கூடுதலாக இருந்தால் யு.வி., கார்பன் ஃபில்டர் வாங்கிப் பயனில்லை. ஆர்.ஓ. குறைக்கும், அதையும் மாட்டிய பிறகு வெளிவரும் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். அப்புறம், வயல்காரர் இன்றே உரத்தைக் குறைத்தாலும் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பது வந்து சேர வருடங்கள் ஆகலாம், அதனால் இந்த முறை முடிவு நன்றாக வந்தாலும் வருடா வருடம் சோதியுங்கள்.