காய்ச்சல் விட்டுவிட்டது, மாத்திரை எதற்கு?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்கு ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் ஒடிசாவைச் சேர்ந்த நான்கு பையன்கள் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். ஊருக்குப் போய்வந்த ஒருவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்ததில் வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்து, காய்ச்சலே இல்லாத எங்களுக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். பையனுக்கு 14 நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதால், வயிறு எரிகிறது என்று சொல்லி நிறுத்தப் பார்க்கிறான். அக்கம்பக்கத்தில் அவனைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, திருப்பூர்

பதில்: அவனைக் காலி செய்ய வேண்டாம் அம்மா. மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள்.

மலேரியா தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் உடம்பில் கிருமி பத்து நாள் போல வளர்ந்த பிறகுதான் அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். பையனை அனுப்பிவிட்டால் பாதி மாத்திரையோடு வேறு தெருவில் அறை பார்த்துக்கொள்வான். உங்களிடம் இருந்தால் 'இன்னைக்குப் போட்டாச்சா?' என்று கேட்க ஓர் ஆளாவது இருக்கும்.

அவனுக்கு இரண்டு மருந்து கொடுத்திருப்பார்கள். முதல் மூன்று நாள் குளோரோகுயின். அது ரத்தத்தில் இருக்கிற கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். ஆனால் வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். காட்டில் கோரை வெட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே புல்லை அறுத்துவிட்டால் காடு சுத்தமாகத் தெரியும், அடியில் கிழங்கு அப்படியே இருக்கும், ஒரு மழைக்கு மறுபடி தழைக்கும். அந்தக் கிழங்கைத் தோண்டுகிற மருந்துதான் பிரைமாகுயின். அதற்குத்தான் 14 நாள். நான்காம் நாளே நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து அதே நடுக்கத்தோடு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக எந்தக் கொசுவும் கடித்திருக்க வேண்டியதில்லை.

வயிற்று எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிறுதான். ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் டீயோடு விழுங்கியிருப்பான். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலருக்குப் பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. அதனால் அவன் மாத்திரையை வேறு யாரும் வாங்கிப் போட வேண்டாம்.

சரி, காய்ச்சல் இல்லாத உங்களிடம் ஏன் ரத்தம் எடுத்தார்கள்? சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் கணக்கு. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். 1960களின் நடுவில் நோய் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. நோய் போய்விட்டது என்று கண்காணிப்பு தளர்ந்தது, கொசுவும் டிடிடியைத் தாங்கப் பழகியது. 1976இல் 64 லட்சம் பேர்! உங்கள் வீட்டுப் பையன் செய்யப் பார்க்கிற அதே தவறை ஒரு நாடே செய்தது. மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, யானைக்கால், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், காலா அசார் (மணல் ஈ பரப்பும் காய்ச்சல்) ஆகிய ஆறும் இப்போது ஒரே தேசியத் திட்டத்தின் கீழ் வருகின்றன. 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது இலக்கு. தமிழ்நாட்டில் இன்று மலேரியா குறைவு. குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு நோயாளியையும் சுற்றித் தேட வேண்டும். காய்ச்சலே காட்டாமல் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. அந்த ஆய்வாளர் தேடியது அவர்களைத்தான்.

அப்புறம் உங்கள் மொட்டை மாடியைப் பாருங்கள். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊரில் ஆறு வீட்டுக்கும் சின்டெக்ஸ், டிரம், கீழ்நிலைத் தொட்டி என்று நிறைத்து வைத்திருப்பீர்கள். மூடி உடைந்த ஒரு தொட்டி போதும். வழிந்தோடும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டுங்கள். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, பக்கங்களைத் தேய்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசுவுக்கும் அதே வைத்தியம்தான். புழுக்கத்துக்காகப் பையன்கள் மாடியில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுப்பார்கள். இந்தக் கொசு கடிப்பது இரவில், அதனால் கொசுவலை இல்லாமல் படுக்க விடாதீர்கள்.

உங்கள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், அடுத்த ஒரு மாதத்துக்குள் காம்பவுண்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 'எங்கள் காம்பவுண்டில் ஒருவருக்கு மலேரியா இருந்தது' என்று சொல்லி ரத்தம் பாருங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். பையனும் தன் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இந்த ஒரு வருடத்தில் எந்த ஊரில் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்ட வேண்டும்.