யார் சொன்னது, நீ கண் என்று?

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். போன வாரம் வகுப்பில், உடம்பின் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அப்போ கண்ணு செல்லுக்கு நீ கண்ணுன்னு யார் மிஸ் சொன்னது?” என்றாள். “எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கும்மா” என்றேன். விடவில்லை. “எழுதியிருந்தா அதைப் படிக்கிறது யாரு மிஸ்?” மணி அடித்தது, தப்பித்தேன். மீன் கருவை வைத்து இதை ஆராய்கிறார்கள் என்று நீங்கள் முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. என் தம்பி பாரூர் பக்கம் குட்டையில் கட்லா, ரோகு விடுகிறான். இந்த முறை குஞ்சுகள் சிலவற்றுக்கு முதுகு வளைந்திருக்கிறது. இதுவும் செல் சமிக்ஞை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி, கோளாறானதுதானா?

எஸ்.,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாணவிக்கு மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. “ஜீனில் எழுதியிருக்கிறது” என்பது நம் பள்ளிகளில் கேள்வியை மூடுவதற்கு வைத்திருக்கும் பதில். படிப்பது அந்தந்த செல்தான். ஆனால் எதைப் படிப்பது என்பதைத் தானாக முடிவு செய்வதில்லை. பக்கத்து செல்கள் என்ன சொல்கின்றன, எவ்வளவு சொல்கின்றன, எந்த நேரத்தில் சொல்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன. மொத்த உடம்பும் எப்படி இருக்கும் என்று தெரிந்த செல் கருவில் ஒன்றுகூடக் கிடையாது.

ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் 1924-ல் வெளியிட்ட சோதனை இதற்கு அடித்தளம். நியூட் என்ற நீர்ப்பல்லியின் இளங்கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஓர் உடல் முளைத்தது. அந்த உடலின் செல்களில் பெரும்பகுதி ஒட்டிய துணுக்கிலிருந்து வந்தவை அல்ல. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய சொந்த செல்கள், புதிதாக வந்ததன் பேச்சைக் கேட்டு முதுகாகவும் மூளையாகவும் மாறிவிட்டன. ஸ்பேமானுக்கு 1935-ல் நோபல் கிடைத்தது. மாங்கோல்ட் 1924-லேயே ஒரு தீ விபத்தில் இறந்துவிட்டார். பாடப்புத்தகங்கள் அவர் பெயரைச் சொல்லாமல் கடப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வகுப்பில் நீங்களாவது சொல்லுங்கள்.

இப்போது மீனுக்கு வருகிறேன். ஆய்வகங்களில் இருப்பது பெரும்பாலும் ஜீப்ரா மீன். கங்கை, பிரம்மபுத்திராப் படுகைகளின் மீன், 1822-லேயே ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் விவரித்தது. கிருஷ்ணகிரியில் மீன் தொட்டி விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். முட்டை சுமார் 0.7 மில்லிமீட்டர், கண்ணாடிபோல் தெளிவு. கரு தாயின் வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே வளர்வதால் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். 28.5 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி நேரத்தில் முதல் பிளவு, ஒரு நாளில் இதயத் துடிப்பு.

அந்த இதயம் ஒன்றாகத் தொடங்குவதில்லை. இடப்பக்கம் ஒரு கூட்டம் செல்கள், வலப்பக்கம் ஒரு கூட்டம். இரண்டும் நகர்ந்து நடுவில் சேர்ந்து ஒரே குழாயாக வேண்டும். 1990-களில் ஜெர்மனியின் டூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் ஜீப்ரா மீன்களில் வேண்டுமென்றே மரபணுப் பழுதுகளை உண்டாக்கி, கரு எங்கே கோணுகிறது என்று பார்த்தார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றுக்கு ‘மைல்ஸ் அபார்ட்’, அதாவது ‘பல மைல் இடைவெளி’, என்று பெயர். அதில் இரண்டு கூட்டமும் சேராமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதயங்கள் தனித்தனியே துடிக்கும். பழுது, ஒரு கொழுப்பு மூலக்கூறின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியில். இதய செல்களுக்கு நகரத் தெரியவில்லை என்றுதானே நினைப்போம்? பழுதான கருவின் இதய செல்களை நல்ல கருவில் வைத்தார்கள். சரியாக நடுவுக்கு வந்து சேர்ந்தன. நல்ல செல்களைப் பழுதான கருவில் வைத்தார்கள். அவை திணறி நின்றன. குறை இதயத்தில் இல்லை, அது போகும் வழியில் இருந்த மற்ற செல்களில். 2000-ல் வெளிவந்த முடிவு இது. உங்கள் மாணவிக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும் என்பேன்.

கண்ணுக்கு வருவோம், அவள் கேட்டது அதைத்தானே. முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளிலும் முதலில் இருப்பது நடுவில் ஒரே கண்பரப்பு, அதாவது கண்ணாகப் போகும் செல்களின் ஒரே கூட்டம். கருவின் நடுக்கோட்டிலிருந்து வரும் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதம்தான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. அது குறைந்தால் நெற்றி நடுவே ஒற்றைக் கண். அமெரிக்காவின் ஐடஹோவில் 1950-களில் ஆட்டுக்காரர்கள் ஒற்றைக்கண் குட்டிகளைப் பார்த்து மிரண்டார்கள். சினை ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியில் இருந்த நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சு ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடைக்கிறது என்று கண்டுபிடித்தது வெகுகாலம் கழித்து. சினையின் 14-ம் நாள் வாக்கில் தின்றால்தான் ஒற்றைக் கண்; அந்த நாள் கடந்துவிட்டால் அதே செடி அதைச் செய்யாது.

கூடினாலும் கெடுதல்தான். மெக்சிகோவின் குகை மீன்களுக்குக் கண் கிடையாது. ஆனால் கருவில் கண் தொடங்குகிறது, பிறகு லென்ஸ் மடிந்து எல்லாம் சுருங்கிப் போகிறது. நடுக்கோட்டில் ஹெட்ஜ்ஹாக் அளவுக்கு மேல் பரவுவது ஒரு காரணம் என்று 2004-ல் காட்டினார்கள். வெளிச்சத்தில் வாழும் உறவு மீனின் லென்ஸை எடுத்துக் குகை மீன் கருவில் வைத்தபோது அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது. கண் செய்யும் திறமை அதனிடம் அழியவில்லை. சொல்லித் தரும் லென்ஸ்தான் செத்துப்போயிருந்தது.

இதே ஹெட்ஜ்ஹாக் பின்னர் துடுப்பு முளையில் முன் எது, பின் எது என்று பிரிக்கவும் உதவுகிறது. கண் என்றோ துடுப்பு என்றோ எந்தச் சேதியும் அந்தப் புரதத்துக்குள் இல்லை. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஏலம் முடிந்து ஒரு குரல் எழுந்தால் வியாபாரி பணத்தை எண்ணுவார், சுமைக்காரர் பெட்டியைத் தூக்குவார், விவசாயி கடன் கணக்குப் போடுவார். குரல் ஒன்றுதான். கேட்பவர் அதற்கு முன் என்னவாக இருந்தார் என்பதில்தான் எல்லாம்.

வகுப்பில் காட்ட வேண்டுமானால் நாலைந்து ஜீப்ரா மீன்கள் போதும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் போட்ட முட்டையை அவையே தின்றுவிடும். விடிந்து வெளிச்சம் வந்ததும் முட்டையிடும். அடியில் விழுந்ததைக் குழாயால் உறிஞ்சி ஒரு கண்ணாடித் தட்டில் விடுங்கள், பள்ளி நுண்நோக்கியே தாராளம். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் நான் சொன்ன நேரக்கணக்கு எல்லாம் தள்ளிப்போகும். இரண்டாம் நாள் இதயத்தைப் பார்க்கும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வால் நுனியருகே இருந்த ஒரு சிறு நீர்க்குமிழுக்குள் நுண்மயிர்கள் சுழன்று உண்டாக்கிய ஓட்டம்தான் இடம் வலத்தை முதலில் பிரித்தது. அந்த மயிர்கள் ஓடாத கருவில் இதயம் இடமும் போகும், வலமும் போகும். மனிதர்களிலும் அத்தகைய பிறவிக் குறை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் பக்கம் மாறியிருக்கும். மருந்து கிருந்து ஊற்றிச் சோதிப்பதெல்லாம் பள்ளியில் வேண்டாம்.

உங்கள் தம்பியின் குஞ்சுகள் விஷயத்தில் அவசரப்பட்டு சமிக்ஞையைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொரித்து வந்தபோதே வளைந்திருந்தனவா, குட்டையில் விட்ட பிறகு வளைந்தனவா என்று முதலில் கேளுங்கள். பொரிக்கும்போதே என்றால் தாய் மீன்கள் ஒரே குடும்பமாகப் போயிருக்கலாம், பொரிப்பகத் தண்ணீரின் சூடு ஏறியிருக்கலாம். குஞ்சு வாங்கும் இடத்தை மாற்றிப் பார்க்கட்டும். பிறகு வளைந்தது என்றால் தீவனத்தில் வைட்டமின் சி போதாமல் இருக்கலாம். மழைக்குப் பின் மாந்தோப்பில் அடித்த பூச்சிமருந்து குட்டையில் இறங்குகிறதா என்றும் பாருங்கள்; சில மருந்துகள் மீனின் தசையை இறுக்கி முதுகெலும்பையே வளைத்துவிடும். வளைந்தவற்றில் சிலதை உயிரோடு எடுத்துக்கொண்டு, குட்டைத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதேதான்: எப்போதிலிருந்து?

அன்புடன்.