காம்பவுண்ட் போட்டும் பானெட் மங்கலா? ஃபினிஷிங் பாலிஷ் வாங்கும் முன்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ஏழு வருடப் பழைய கறுப்பு செடான் கார். வட்ட வட்டமாகக் கீறல்கள் இருந்ததால் ஒரு டிஏ பாலிஷர் (பேடைச் சுழற்றி அதிரவைக்கும் மெஷின்) வாங்கி, மைக்ரோஃபைபர் பேடில் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் கரடான பாலிஷ்) போட்டேன். கீறல் போய்விட்டது, ஆனால் ராத்திரி பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பானெட் முழுக்க வெண்மையாக ஒரு மங்கல் தெரிகிறது. கடைக்காரர் வேக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். நண்பர் காம்பவுண்டைவிட நைஸான, கடைசிக் கட்டத்துக்கான ஃபினிஷிங் பாலிஷ் வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது? பானெட் ஒரு முறை இங்கேயே ரீபெயின்ட் செய்தது.

பதில்: வேக்ஸ் போட்டால் மங்கல் மறையும், கொஞ்ச நாளைக்கு. வேக்ஸிலும், பளபளப்புக்காகப் பூசுகிற கிளேஸிலும் இருக்கிற எண்ணெயும் மெழுகும் நுண்கீறல்களுக்குள் போய் நிரம்பிக்கொள்கின்றன, அவ்வளவுதான். நாலைந்து வாஷில் அது கரைந்துபோனால் பழைய மங்கல் அப்படியே இருக்கும். நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் எந்த பாட்டில் என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். மங்கல் எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது இருக்கிறது.

ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச் எடுத்து, நிழலில் பானெட்டுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் புகை படிந்த மாதிரி இருந்தால் அது காம்பவுண்டும் மைக்ரோஃபைபர் பேடும் விட்டுப்போன தடம். கறுப்பு பெயின்டில் இது சகஜம். ஃபினிஷிங் பாலிஷ் இதற்காகத்தான் இருக்கிறது. ஆங்காங்கே பன்றி வால் போலச் சுருண்ட சின்னக் கீறல்கள் இருந்தால் பேடில் தூசியோ காய்ந்த காம்பவுண்டோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பேடைச் சுத்தம் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து பாலிஷ் வாங்கினாலும் அது போகாது. தனித்தனியாக, நேராக, ஆழமாகத் தெரிகிற கீறல்களை விட்டுவிடுங்கள். அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மிஞ்சாது.

கம்பெனி பெயின்டில் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். காம்பவுண்ட் ஒரு சுற்றிலேயே அதில் சில மைக்ரான்களை எடுத்துவிடலாம். ஃபினிஷிங் பாலிஷ் எடுப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதனால் மங்கலைப் போக்க மறுபடி காம்பவுண்ட் போடுகிற யோசனை இருந்தால் கைவிடுங்கள். வேலூர் வெயிலில் மெலிந்த கிளியர் கோட் சீக்கிரம் வெளுத்து, அப்புறம் செதில் செதிலாக உரியும்.

இனி பேட். பாலிஷைவிட இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்கச் சொல்வேன். நைஸான பாலிஷை மைக்ரோஃபைபர் பேடில் போட்டால் பேடின் இழைகளே மங்கலை உண்டாக்கும். மென்மையான ஃபோம் ஃபினிஷிங் பேட் வேண்டும், குறைந்தது மூன்று. வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். பேட் நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. ஒருவருடைய வெள்ளை பேட் இன்னொருவருடைய கறுப்பு பேடுக்குச் சமமாக இருக்கலாம். பாக்கெட்டில் ஃபினிஷிங் என்று எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். காம்பவுண்ட் போட்ட பேடைக் கழுவிவிட்டு இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம்.

பாலிஷ்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் இருக்கிற துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நைஸாகிக்கொண்டே போகும், அம்மியில் சட்னி அரைபடுவது மாதிரி. பாதியில் நிறுத்தினால் கரடுமுரடான கட்டத்திலேயே நின்றுபோய் மங்கல் மிஞ்சும். பாலிஷ் பால் நிறத்திலிருந்து எண்ணெய்ப் பூச்சு போலத் தெளிவாகும்வரை ஓட்டவேண்டும். இன்னொரு வகையில் துகள் ஆரம்பத்திலிருந்தே நைஸ், கடைசிவரை அதே அளவுதான். கீறல் போனதும் நிறுத்திக்கொள்ளலாம். வேகத்திலும் அழுத்தத்திலும் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். மெகுவயர்ஸ் கம்பெனியின் 205 இந்த இரண்டாம் வகை. வீட்டில் முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். மென்சர்னா கம்பெனியில் 3500, 3800 இரண்டும் ஃபினிஷிங் வேலைக்கானவை. அவர்கள் வரிசையில் 400 என்பது கடுமையான காம்பவுண்ட், எண் ஏற ஏற நைஸ். அந்த எண்ணை உப்புத்தாள் நம்பரோடு ஒப்பிடாதீர்கள், இன்னொரு கம்பெனியின் எண்ணோடும் ஒப்பிடாதீர்கள்.

கறுப்புக்கு எடுத்த எடுப்பில் கடைசி நைஸ் பாலிஷை வாங்குபவர்கள் நிறைய. அது எப்போதும் சரியாக வராது. பெயின்ட் கடினமாக இருந்து, மைக்ரோஃபைபர் தடமும் பலமாக இருந்தால், ரொம்ப நைஸான பாலிஷால் அதை எடுக்க முடியாமல் போகும். பெயின்ட் மென்மையாக இருந்தால் பெயின்டைக் கொஞ்சம் தேய்த்தெடுக்கிற பாலிஷ்கூடத் தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுப்போகும். எனவே பெரிய பாட்டில் வேண்டாம். சின்னது ஒன்று வாங்கி, பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு அங்கே மட்டும் முயன்று பாருங்கள். அந்தச் சதுரம் சரியாக வந்தால் மீதிக் காரும் வரும்.

எந்த நேரத்தில் செய்வது என்பதை நம் ஊரில் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். கத்திரி வெயிலில் நிழலே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வெயிலில் நின்ற கறுப்பு பானெட்டைத் தொடவே முடியாது. அந்தச் சூட்டில் பாலிஷில் உள்ள தண்ணீரும் எண்ணெயும் சட்டென்று காய்ந்து, துகள்கள் பேடில் கட்டிதட்டி, நீங்கள் எடுக்க வந்த மங்கலையே புதிதாகப் போட்டுவிடும். ராத்திரியே காரைக் கழுவி உள்ளே நிறுத்திவிட்டு, விடிகாலையில் ஆரம்பித்து எட்டரை மணிக்குள் முடிகிற அளவு மட்டும் செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேனல் போதும். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கவேண்டும். வீடு ஹைவே பக்கம் என்றால் கேட்டைச் சாத்திவிடுங்கள், மேஜை ஃபேனும் வேண்டாம். அது தூசியைக் கொண்டுவந்து ஈர பாலிஷ்மேல் கொட்டும்.

புது பேடின் பரப்பு முழுக்க பாலிஷை மெல்லியதாகத் தடவிக்கொள்ளுங்கள். அப்புறம் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். மெஷின் முதல் வேகத்தில் பரப்பி, ஆறு வேகம் உள்ள மெஷினில் 3 அல்லது 4-க்கு ஏற்றுங்கள். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு ஓட்டம் முந்தைய ஓட்டத்தில் பாதியைத் தொடும்படி, மூன்று நான்கு சுற்று. அழுத்தவேண்டாம், மெஷினின் எடையே போதும். கையை மெதுவாக நகர்த்துங்கள். கடைசிச் சுற்றில் வேகத்தை ஒரு படி குறையுங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பேடைத் தேய்த்துவிடுங்கள். பேட் சொதசொதவென்று ஆனாலோ தொட்டால் சுட்டாலோ அடுத்த பேடுக்கு மாறுங்கள்.

துடைக்கிற துணியையும் கவனியுங்கள். போர் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயப்போட்ட மைக்ரோஃபைபர் துணி உப்பேறி அப்பளம் மாதிரி விறைத்துவிடும். கறுப்பு பெயின்டில் அதுவே கீறும். கடைசி அலசலில் கொஞ்சம் வெள்ளை வினிகர் விட்டால் மிருதுவாகும். ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடாது.

முடிந்ததும் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெகுவயர்ஸ் 205 உட்படப் பல பாலிஷ்களில் உள்ள எண்ணெய், மிச்ச மங்கலைத் தற்காலிகமாக மூடி வைக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து அந்தச் சதுரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி டார்ச் அடியுங்கள். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள். துடைத்த பிறகும் மங்கல் இல்லை என்றால் அந்த பேட், அந்த பாலிஷ், அந்த வேகத்திலேயே மீதியை முடிக்கலாம். இருந்தால் முதலில் பேடை மாற்றிப் பாருங்கள், அடுத்து வேகத்தை. பாட்டிலை மாற்றுவது மூன்றாவது.

பானெட் ரீபெயின்ட் என்பதால் அதன் பெயின்ட் கதவில் உள்ளதைப் போல நடந்துகொள்ளாது. லோக்கல் பட்டறைக் கிளியர் சில சமயம் தடிமனாக இருக்கும், பல சமயம் மென்மையாகவும் இருக்கும். மங்கல் பானெட்டில் மட்டும்தான் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பானெட்டுக்கு ஒரு சோதனைச் சதுரம், கதவுக்குத் தனியாக ஒன்று போட்டுப் பாருங்கள். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் எப்போதும் மெலிவு, அங்கே மெஷினை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கவேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரில் காரைக் கழுவுகிறவர்கள் உண்டு, வீணாகக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது; போர் தண்ணீரைவிட மோசம். வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாகப் பெயின்டை அரித்துவிடும், லேசான கறையைத்தான் ஃபினிஷிங் பாலிஷ் எடுக்கும். போர் தண்ணீர்தான் வழி என்றால் நிழலில் கழுவி, ஒரு சொட்டுகூடத் தானாகக் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன வேக்ஸை இந்தக் கட்டத்தில் தாராளமாகப் போடலாம், அல்லது வேக்ஸ் மாதிரியே பெயின்டைக் காக்கப் பூசுகிற ஒரு சீலன்ட்.

250 மில்லி பாட்டில் உங்கள் ஒரு காருக்குத் தாராளம், மிஞ்சும். மிஞ்சியதை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், மே மாதச் சூட்டில் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்து, எடுக்கும்போது நன்றாகக் குலுக்கிக்கொள்ளுங்கள்.